காயும் வரை

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்த பிறகு மன்சூர் குவைத்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். பாலக்கரை வீட்டில் அப்போது வெயில் தாழ்ந்திருக்கும். அவன் கூப்பிடுவதற்கு முன்னால் வஹீதா ஜன்னல் கதவில் ஒரு பாதியைச் சாத்துவாள். போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, எதிரே பாயில் மகளை உட்கார வைத்துவிட்டு, திரையில் என்னென்ன தெரிகிறது என்று குனிந்து பார்ப்பாள். இன்ஷாவின் வலது கன்னம் தெரியலாம். வலது காதும் அதில் ஆடுகிற சின்ன வளையமும் தெரியலாம். இடது பக்கம் தாடைக்குக் கீழே துளிகூடத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் முழுக்கைச் சட்டை, அதற்காகத்தான் ஊசி குத்திய முக்காடு. ஏழு வயசுப் பிள்ளைக்கு வீட்டுக்குள்ளே எதுக்கு முக்காடு என்று மன்சூர் ஒரு தடவை கேட்டுவிட்டான். "மதரசாவுல சொல்லித் தந்திருக்காங்க. கழட்டச் சொன்னா அழுவுறா" என்று வஹீதா சட்டென்று சொன்னாள். மாஷா அல்லாஹ் என்று அவன் பூரித்துப்போனான். போனை வைத்த பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிள்ளைகள் இந்த மாதிரி வித்தைகளை நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் இன்ஷாவுக்குத் தாய் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. போன் மணி அடித்ததும் தானே வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பேசும்போது கழுத்தைத் திருப்ப மாட்டாள். "என்னம்மா, போலீஸ்காரன் மாதிரி வெறப்பா ஒக்காந்திருக்கே?" என்று மன்சூர் சிரிப்பான். அவளும் சிரிப்பாள், கழுத்தை அசைக்காமலே.

நடந்தது போன ரமலானில். அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தெருப் பிள்ளைகள் தூக்குவாளியோடு போய் வரிசையில் நின்று வாங்கி வருவார்கள். மன்சூருக்குச் சின்ன வயதில் அந்த வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பதுதான் ரமலான். பாலைவனத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாலும் நோன்பு வந்துவிட்டால் அவன் பேச்சு அந்த வரிசைக்குப் போய்விடும். "பசங்க மட்டுந்தான் போவணும்னு சட்டமா? என் மவளும் போவட்டும். தூக்கோட நிக்கவச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு வஹீதா" என்று நச்சரித்தான். எட்டு வீடு தள்ளித்தான் பள்ளிவாசல். வஹீதா வாசற்படியில் நிற்கவைத்து எடுத்தாள். புதுத் தூக்கு, பச்சை நிறச் சட்டை, முன் பல் விழுந்த சிரிப்பு. அனுப்பிய கையோடு மன்சூர் அதைத் தன் வாட்ஸ்அப்பின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டான். இவள் உள்ளே போய் வடைக்குப் பருப்பை அரைத்து முடித்து, சட்டியில் எண்ணெய் ஊற்றி, அது காய்வதற்குள் தெருவில் சத்தம் கேட்டது.

கஞ்சி வாங்கித் திரும்பி வருகையில் சாக்கடை மூடியில் இன்ஷாவின் கால் தடுக்கிவிட்டது. தூக்கு முன்னால் உருண்டு அதன் மூடி கழன்றுகொள்ள, பிள்ளை அப்படியே இடது பக்கமாகக் கஞ்சியின் மேல் விழுந்திருக்கிறாள். தண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். நோன்புக் கஞ்சி அரிசியும் பயறும் கறியும் குழைந்த பண்டம். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தன் சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். கழுத்து, தோள், முழங்கை வரைக்கும் கை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அவர் யாரென்று வஹீதாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரால்தான் இந்த அளவோடு போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருக்காக அவள் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறாள்.

மன்சூருக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அவன் அண்ணன் பரக்கத் அலி. பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் இது எழுதாத சட்டம். மவுத்தைக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் ஆளை வரவழைப்பார்கள். "அவன் கிரேன் ஓட்டுறவன்மா. ஒடனே கிளம்பி வரவும் முடியாது, அங்க மேல ஏறி ஒக்காந்தா கை நடுங்கும். ஆறட்டும், சொல்லிக்கலாம்" என்றார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று. பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "போவச் சொன்னதே அவன்தானே. அதையே நெனச்சு நெனச்சு செத்துருவான்." வஹீதாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. புருஷன் மேல் வைத்த பிரியத்தில் தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் மன்சூர் கூப்பிடும்போதெல்லாம் முதலில் திரையில் வருவது அந்தப் போட்டோ. இன்னும் கீழே விழாத பிள்ளை, காலித் தூக்கோடு, பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கும். அதை ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் அவள் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டியிருந்தது.

புண் ஆறியபோது எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அதற்குப் பிறகுதான் தழும்பு எழும்ப ஆரம்பித்தது. முதலில் சிவந்தது, பிறகு தடித்தது, பிறகு கயிறு திரித்தாற்போல் மேடுமேடாகக் கழுத்தில் ஏறியது. பிள்ளை ராத்திரியும் பகலும் சொறிந்தாள். கழுத்தை ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். தேன், கற்றாழை, முட்டை வெள்ளைக்கரு, தர்கா சந்தனம். சொன்னவர்கள் எல்லாருக்கும் தெரிந்த யாரோ ஒருத்தருக்கு அதனால் சுவடே இல்லாமல் போயிருந்தது. அந்த யாரோ ஒருத்தரை மட்டும் கண்ணில் காட்ட ஒருவராலும் முடியவில்லை.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வேதவல்லியிடம் போய்ச் சேர்ந்தார்கள். நரைத்த தலை, மூக்கின் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, கறாரான பேச்சு. தழும்பை விரலால் அழுத்தி, அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன டியூபை எடுத்து மேஜையில் வைத்தார். சிலிகான் ஜெல். கண்ணாடி மாதிரி, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இதற்குப் போயா இத்தனை பேச்சு என்று வஹீதாவுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. காலையிலும் சாயங்காலமும் பழைய படலத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கடலைப்பருப்பு அளவு எடுத்து, மெல்லிசாக நீவிவிட வேண்டும். காய்கிற வரைக்கும் துணி படக் கூடாது, யாரும் தொடக் கூடாது. காய்ந்ததும் மேலே உடம்பைக் கவ்விப் பிடிக்கிற இறுக்கச் சட்டையை மாட்ட வேண்டும். கழுத்துக்கு அன்றாடம் பயிற்சி. "தழும்பு வருஷக்கணக்கா மாறிண்டே இருக்கும். நாம அது கூடவே போகணும். இது ஒண்ணும் அழிரப்பர் இல்லை, சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். வஹீதா சரி என்று தலையாட்டினாள். காதில் விழுந்தது, மனசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெல் வேலை செய்யத்தான் செய்தது. முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு கையில் இருந்த மேடு தணிந்தது. முழங்கைப் பக்கம் விரலால் தடவினால் தோல் தோலாகவே மெத்தென்று இருந்தது. கழுத்துக் கயிறு மட்டும் பிடிவாதமாக இருந்தது, ஆனால் அதன் சிவப்பும் முன்னைப்போல் கண்ணைக் குத்தவில்லை. மன்சூர் அடுத்த நோன்பும் முடிந்து வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் வருவதாக இருந்தது. அதற்குள் போய்விடும், போகாமல் எங்கே போகும் என்று வஹீதா தனக்குத்தானே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கில் ஒரு வெள்ளிக்கிழமை மண் விழுந்தது. "கம்பெனியில லீவு கொடுத்துட்டான் வஹீதா! நோம்புக்கே வரேன்" என்றான் மன்சூர். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "இன்ஷாம்மா, இந்தத் தடவை அத்தாவும் நீயும் ஒண்ணாப் போயி கஞ்சி வாங்குறோம். சரியா?" இன்ஷா வலப்பக்கமாக உட்கார்ந்தபடியே சரி அத்தா என்றாள். அவள் இடது முழங்கையைப் பாயின் ஓரத்தில் அழுத்திக்கொண்டிருந்தது போனில் தெரியவில்லை. வஹீதாவுக்குத் தெரிந்தது.

வஹீதா மருதாணிக்காரி. பாலக்கரையில் எந்த வீட்டில் நிக்காஹ் என்றாலும் மணப்பெண்ணின் கையைப் பிடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். மருதாணி விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. கெட்டியாக வைக்க வேண்டும், காய்ந்து உதிரவிடாமல் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும், துணி சுற்றி விடியவிடிய வைத்திருந்தால் நிறம் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். கை பழகின வேலைக்கு மூளையைக் கேட்கிற வழக்கம் இல்லை. நாள் குறைந்துவிட்டதே என்ற பதைப்பில் அவள் கை பழைய பாடத்துக்குப் போய்விட்டது. கடலைப்பருப்பு அளவு என்பது நெல்லிக்காய் அளவு ஆயிற்று. கழுத்துக் கயிற்றின் மேல் மருதாணி அப்புகிற மாதிரி ஜெல்லை அப்பி, பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி, படுக்கும்போதும் அவிழ்க்காமல் விட்டாள். கூடுதலாக வைத்தால் கூடுதலாகப் பிடிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்ஷா ஒரு வார்த்தை முனகவில்லை. முனகியிருந்தால் தேவலை. துப்பட்டாவை ஒருநாள் அவிழ்த்தபோது உள்ளே தோல் ஊறி வெளுத்து, ஓரமெல்லாம் பொரிப்பொரியாகக் கொப்பளித்துச் சிவந்திருந்தது. தணிந்திருந்த இடமும் மறுபடி கோபித்துக்கொண்டு நின்றது.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு ஓடினாள். டாக்டர் பார்த்தார். "எவ்ளோ தடவினேள்?" என்று கேட்டார். வஹீதா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். துணி சுற்றியதையும் சொன்னாள். சொல்லும்போதே டாக்டரின் கண் அவள் விரல் நுனியில் ஏறியிருந்த மருதாணிக் கறைக்குப் போனது.

"மருதாணி போடற கையா?"

"ஆமா டாக்டர்."

"அதான். மருதாணி தோலுக்குள்ள எறங்கணும். இது எறங்கவே வேண்டாம்மா. மேல மெல்லிசா ஒரு படலமா ஒக்காந்துண்டு, உள்ள இருக்கற ஈரம் ஓடிப்போகாம பாத்துண்டா போறும். இப்படி அப்பிக் கட்டிட்டா தோல் ஊறிப்போகாம என்ன பண்ணும்?" திட்டுகிற குரலில்தான் தொடங்கினார், முடிக்கும்போது அது இறங்கியிருந்தது. இன்ஷாவின் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "அரிச்சுதாடி கொழந்தே?"

இன்ஷா தலையை ஆட்டினாள்.

"எரிஞ்சுதா?"

"ம்."

"அம்மாகிட்ட சொல்லலாமோன்னோ?"

இன்ஷா அம்மாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா அம்மா எடுத்துருவாங்க. அத்தா வர்றத்துக்குள்ள போவணும். போவலைன்னா அத்தா அழுவாங்க. நான்தானே கொட்டிட்டேன்."

வஹீதாவுக்கு அந்த இடத்திலேயே பூமி விலகினாற்போல் இருந்தது. இத்தனை நாளும் மறைத்தது மன்சூரிடமிருந்து என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாயில் வலப்பக்கமாக உட்கார வைக்க வைக்க, இந்தப் பிள்ளை என்னென்ன கற்றுக்கொண்டிருக்கிறது! தன் கழுத்து பார்க்கக் கூடாத ஒன்று. தன்னைப் பார்த்தால் அத்தா அழுவார். அதெல்லாம் தான் செய்த தப்பு. ஒரு தாய் மகளுக்குச் சொல்லித்தரக் கூடாத பாடத்தை அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் நடத்தியிருக்கிறாள்.

"ஆத்துக்காரருக்குத் தெரியாதா?" என்று கேட்டார் டாக்டர். வஹீதா இல்லையென்று தலையாட்டினாள். "இங்க பாருங்கோ. இந்தப் பொரி அடங்கற வரைக்கும் ஜெல்லை நிறுத்துங்கோ. அப்பறம் மறுபடி மெல்லிசா ஆரம்பிக்கலாம். இன்னும் தேயும், இன்னும் மெத்துன்னு ஆகும், நெறமும் தணியும். கழுத்து நன்னா திரும்பும். ஆனா இல்லாமலே போயிடாதும்மா. மொத நாளே சொன்னேன். நீங்க கேட்டுக்கலை."

இந்தத் தடவை கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இன்ஷாவுக்குக் கிடைத்தது. பாலத்தில் ஏறியதும் காவேரிக் காற்று முகத்தில் அடித்தது. ஆறு பாதி மணலும் பாதி தண்ணீருமாகக் கிடந்தது. வழக்கமாக இந்த இடத்தில் முக்காடு பறக்காமல் வஹீதா கையால் பிடித்துக்கொள்வாள். இன்றைக்கு அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"அப்ப இது போவாதாம்மா?"

"போவாது."

"அத்தாகிட்ட என்ன சொல்லுவ?"

"உள்ளத சொல்லிடுறேன்" என்றாள் வஹீதா.

கூப்பிட்டு நேராகப் பேசத் தைரியம் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போய், துணி காய்கிற கொடிக்கு நடுவில் நின்று, குரல் பதிவாக அனுப்பினாள். முதல் பதிவில் அழுகைதான் இருந்தது, அழித்தாள். இரண்டாவதில் பரக்கத் மச்சான்தான் சொல்ல வேண்டாம் என்றார் என்று ஆரம்பித்திருந்தாள். யார் தலையிலாவது கட்டுகிற பேச்சு வேண்டாமென்று அதையும் அழித்தாள். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "போன நோம்புல கஞ்சி வாங்கிட்டு வர்றப்ப இன்ஷா விழுந்துட்டா. கழுத்துலயும் கையிலயும் வெந்துபோச்சு. தழும்பு இருக்கு. மருந்து போடுறோம், நல்லா ஆயிட்டு வருது, ஆனா இருக்கும். உங்ககிட்ட மறைச்சது நான். புள்ள மேல ஒரு தப்பும் இல்லைங்க." கொஞ்ச நேரத்தில், கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாகத் திரையில் நீலம் வந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் போட்டோவைக் காணவில்லை. அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று இருந்தது.

வஹீதாவுக்கு அது புரிந்தது. அவனால் இனிமேல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. அவளே பல மாதம் அதைப் பார்த்துச் செத்தவள்தானே. ஆனால் போனை எடுத்து விளையாடுகிற பிள்ளைக்கு அது வேறு விதமாகத்தான் புரிந்தது. "அத்தா என் போட்டோவ எடுத்துட்டாங்க" என்று அடுப்படிக்கு வந்து சொன்னாள். குரலில் அழுகைகூட இல்லை. எதிர்பார்த்ததுதான் என்கிற மாதிரி சொன்னாள். "போன் கோளாறா இருக்கும்டா" என்று வஹீதா சொல்லிவிட்டாள். ஒரு பொய்யை அப்போதுதான் இறக்கி வைத்தவள், கை சும்மா இருக்காமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

மன்சூர் பிறகு கூப்பிட்டான். வீடியோவில் இல்லை, வெறும் பேச்சு. டாக்டர் யார் என்று கேட்டான், வலிக்கிறதா என்று கேட்டான். அப்புறம் பாதாம் வேண்டுமா, போர்வை வேண்டுமா என்று பெட்டி கட்டுகிற பேச்சுக்குப் போய்விட்டான். பிள்ளையிடம் கொடு என்று அவன் சொல்லவில்லை.

நோன்பு பிறக்கச் சில நாள் இருக்கும்போது மன்சூர் வந்தான். விமான நிலையத்துக்குப் போய்வர வஹீதாவுக்கும் இன்ஷாவுக்கும் பரக்கத் அலி கார் ஏற்பாடு செய்திருந்தார். வெளியே வந்த மன்சூர் மெலிந்திருந்தான். தள்ளுவண்டியை அப்படியே நடுவழியில் விட்டுவிட்டு வந்து மகளைத் தூக்கினான். வலது கன்னத்தில் முத்தமிட்டான், நெற்றியில் முத்தமிட்டான், மறுபடி வலது கன்னத்தில் முத்தமிட்டான். இன்ஷா முக்காடு போட்டிருக்கவில்லை. வேண்டாம் என்று அவளேதான் சொல்லியிருந்தாள். இறுக்கச் சட்டையின் கழுத்துப் பட்டிக்கு மேலே தழும்பின் நுனி தாடை வரைக்கும் தெரிந்தது. மன்சூரின் கண் அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை போய், சுட்டுக்கொண்டாற்போல் திரும்பியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மகளை மடியிலே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இன்ஷா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவன் பிரியத்துக்குக் குறைவொன்றும் இல்லை. பொம்மை வாங்கி வந்திருந்தான், சட்டை வாங்கி வந்திருந்தான், சாப்பாட்டை ஊட்டிவிட்டான். பொரி அடங்கி, ஜெல் மறுபடி ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் வஹீதா டியூபை எடுத்துக்கொண்டு வந்து மகளின் இறுக்கச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்ததும் மட்டும் எழுந்துவிட்டான். "அண்ணன் கடை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்." மறுநாள் சாயங்காலமும் அதேபோல் செருப்பைத் தேடினான். ஆம்பிளைகளுக்கு வெளியே போவதற்கு ஒரு கடை எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்று வஹீதாவுக்கு ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. பொத்தானைக் கழற்றினாள்.

"அத்தா" என்றாள் இன்ஷா.

மன்சூர் வாசலில் நின்றான்.

"எனக்கு மருந்து போடுறப்ப மட்டும் ஏன் கடைக்குப் போறீங்க?"

காலில் பாதி மாட்டிய செருப்போடு அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானேம்மா ஒன்னைப் போவச் சொன்னேன்" என்றான். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "போட்டோ எடுத்து அனுப்புன்னு கேட்டேனே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் பாப்பேன்?"

இன்ஷா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வாங்கிட்டு வரத்தானே சொன்னீங்க. கொட்டச் சொல்லலியே" என்றாள். "கொட்டினது நான்."

அனுப்பினது நான் என்று வஹீதாவின் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே குற்றத்தை ஆளுக்கொரு முழுக் குற்றமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "யாரும் கொட்டலை. கால் தடுக்கிருச்சு. அவ்ளோதான்" என்றாள். அதைச் சத்தமாகத்தான் சொன்னாள், தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மன்சூர் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். பாயில் மகளுக்கு எதிரே, அவளுடைய இடது பக்கமாக உட்கார்ந்தான். ஜன்னல் கதவு இரண்டும் திறந்திருந்தன. வஹீதா கழுவித் துடைத்த கழுத்தை அவன் பார்த்தான். உதடு கோணியது, அடக்கிக்கொண்டான். அழுதுவிடுவானோ என்று இன்ஷா அவன் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள். வஹீதா டியூபைத் திறக்கப் போனபோது அவன் கையை நீட்டினான். வாங்கி அழுத்தினான். கிரேன் நெம்புகோல் பிடித்த கை, ஒரே அழுத்தில் உள்ளங்கை நிறைய வந்துவிட்டது.

"ஐயோ அத்தா, அவ்ளோ வேணாம்!" இன்ஷா பதறிப்போனாள். "கடலைப்பருப்பு அவ்ளோதான். அம்மாவும் இப்படித்தான் போட்டுக் கெடுத்தாங்க." அவன் உள்ளங்கையிலிருந்து தானே ஒரு சொட்டு எடுத்து, கையிலும் தோளிலும் மெல்லிசாக நீவிக்கொண்டாள். பழகிய விரல்கள், அவசரப்படவில்லை. கழுத்துக்கு மட்டும் அம்மா நீவிவிட்டாள். மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மன்சூர் உள்ளங்கையை விரித்தபடியே வைத்திருந்தான். வஹீதா ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள்.

மின்விசிறிக்கு நேராக இன்ஷா கையை நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். மன்சூர் அவளை இழுத்து அணைத்துக்கொள்ளப் போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். "இப்ப தொடக் கூடாது. காயணும்." அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். வெளியே சாயங்கால பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்று பேரும் காத்திருந்தார்கள். மன்சூர் இந்தத் தடவை பார்வையைத் திருப்பவில்லை. தாடையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனான், மறுபடி மேலே வந்தான்.

இன்ஷா விரல் நுனியால் தோளை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு அத்தா. இப்ப தொடலாம்" என்றாள்.

மன்சூரின் கை மடியிலிருந்து எழுந்து பாதி தூரம் வந்து நின்றது. வலிக்குமோ என்ற பயமா, வேறு எதுவா என்று வஹீதாவுக்குத் தெரியவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். இன்ஷா அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் வெளிச்சம் முழுக்க மேலே விழ, தாடையை நன்றாக உயர்த்திக் கழுத்தை அவன் பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.